இடியும் விசிலும்

ஆசிரியருக்கு,

பூமியின் காந்தப்புலம் ஆளும் விண்வெளிப் பகுதியான காந்தமண்டலத்தை எப்படி ஆராய்ந்தார்கள் என்ற உங்கள் கட்டுரையில் செயற்கைக்கோள்கள் மட்டுமே வந்தன. மின்னலை விட்டுவிட்டீர்களே!

ஏப்ரல் பின்னேரங்களில் எங்கள் தோட்ட லய வீட்டில் இடிச்சத்தம் வந்து சேருமுன்பே ரேடியோ கரகரக்கும். மின்னல் கிளப்பும் அலைதான் அது. அதன் தாழ் அதிர்வெண் பகுதி, பூமியின் காந்தப்புலக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மறு அரைக்கோளத்தில் போய் இறங்குவதுண்டு. வழியிலுள்ள பிளாஸ்மாவில் (மின்னேற்றத் துகள்கள் நிறைந்த வாயுவில்) உயர்ந்த சுருதி முந்தும், தாழ்ந்தது பிந்தும். ஒலிபெருக்கியில் கேட்டால் இறங்கிக்கொண்டே போகும் விசில். எவ்வளவு பிந்துகிறது என்பதை வைத்தே வழியிலுள்ள இலத்திரன் அடர்த்தியைக் கணக்கிடலாம். முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் பறப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1953இல், ஸ்டோரி என்ற ஆய்வாளர் இதை விளக்கிவிட்டார். 1963இல் கார்பென்டர் என்ற ஆய்வாளர், பிளாஸ்மா சட்டென்று மெலியும் எல்லையைக் கண்டதும் விசிலை வைத்துத்தான்.

காந்தப்புலம் தரைக்கு இணையாக ஓடும் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்களுக்கு அந்த விசில் வாய்ப்பது அரிது. சரி, கரகரப்பாவது கிடைக்கிறதே.

வாசகர்,
ஹட்டன்