ஒன்பதாம் வகுப்பில் மறுபடியும் உட்கார வைக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து குடிபெயர்ந்து, 2015 முதல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், டாலஸ் நகரை ஒட்டிய புறநகர் ஒன்றில் வசித்து வருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் தேர்வுகள் முடிந்து, ஜூன், ஜூலை மாதங்களில் தமிழ்நாட்டிலிருந்து பணிமாற்றத்தில் குடும்பத்தோடு இங்கே வந்து இறங்குகிறவர்கள் ஏராளம். அவர்களில் ஒன்பதாம் வகுப்பை ஊரில் முடித்த பிள்ளைகளை உடையவர்கள், பிள்ளையை மறுபடியும் ஒன்பதாம் வகுப்பிலேயே சேர்ப்பதா என்று பள்ளிச் சேர்க்கையின்போது பத்தே நிமிடங்களில் எடுக்கும் ஒரு முடிவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கடந்த மாதம் எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டவர்கள் மூன்று குடும்பத்தினர். இன்னும் சில வாரங்களில் என் தம்பியின் குடும்பமும் இங்கே வரவிருக்கிறது. அவன் மகள் நீச்சல் வீராங்கனை. அவளையும் ஒன்பதாம் வகுப்பிலேயே மறுபடியும் சேர்க்கும்படி யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். ஆகவே எங்கள் அனுபவத்தை இனியும் வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பது சரியல்ல என்று தோன்றியது.

என் மகன் ஆறு வயதிலிருந்து டென்னிஸ் ஆடியவன். 2014 ஜூனில் கோவையில் மெட்ரிகுலேஷன் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்து, அடுத்த ஏப்ரலில் அதை நல்ல மதிப்பெண்களோடு முடித்தான். ஜூலையில் நாங்கள் இங்கே வந்தோம். பள்ளி அலுவலகத்தில் மாணவர் ஆலோசகரான கவுன்சிலர் முன் நான் அவனுடைய முன்னேற்ற அட்டையை எடுத்து வைத்தேன். தலைமையாசிரியை சிவப்பு மையில் கையெழுத்திட்டு, "பத்தாம் வகுப்புக்குத் தேர்ச்சி" என்று எழுதியிருந்த அட்டை அது. கசங்கிவிடக் கூடாதென்று கிளம்புவதற்கு முன் காந்திபுரத்தில் ஒரு கடையில் லேமினேட் செய்து வாங்கியிருந்தேன். கவுன்சிலர் அதை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, பிறப்புச் சான்றிதழும் தடுப்பூசி விவரமும் போதும் என்று அன்போடு திருப்பிக் கொடுத்தார். வயது பதினான்குதான் ஆகிறது, புது நாடு, புது உச்சரிப்பு, எனவே ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கட்டும் என்றார். எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. பிறகு டென்னிஸ் பயிற்சியாளரிடம் சொன்னபோது, உடம்பு தேறுவதற்கும் தரவரிசையில் ஏறுவதற்கும் ஓராண்டு கூடுதலாகக் கிடைத்தது நல்லதுதான் என்று அவரும் மகிழ்ந்தார். நாங்கள் கையெழுத்திட்டோம். அந்தக் கையெழுத்தின் விலை மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

இந்நாட்டில் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்புகளில் மிகப் பெரியது என்.சி.ஏ.ஏ. எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம். அதன் மூன்று பிரிவுகளில் உயர்ந்ததான முதல் பிரிவில் உள்ள கல்லூரிகளில் ஆடுவதற்கும் உதவித்தொகை பெறுவதற்கும் ஒரு மாணவர் பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்களை முடித்திருக்க வேண்டும்: ஆங்கிலம் 4, கணிதம் 3, அறிவியல் 2, சமூக அறிவியல் 2, இந்த முதல் மூன்றில் ஏதேனும் ஒன்றில் கூடுதலாக 1, மற்றவை 4. அவற்றின் சராசரி மதிப்பெண் நான்குக்கு 2.3க்குக் குறையக் கூடாது. இதுவரை சொன்னது எல்லோருக்கும் தெரியும். பயிற்சி மையங்களின் சுவரிலேயே ஒட்டியிருப்பார்கள். பலருக்கும் தெரியாதது, அந்த 16 பாடங்களும் ஒன்பதாம் வகுப்பில் முதன்முதலாகக் காலடி வைத்த நாளிலிருந்து எட்டு செமஸ்டர்களுக்குள், அதாவது நான்கு ஆண்டுகளுக்குள், முடிந்தாக வேண்டும் என்பது. அதிலும் பத்துப் பாடங்கள் ஏழாவது செமஸ்டர் தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். அவற்றில் ஏழு ஆங்கிலம், கணிதம், அறிவியலைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். ஒரு வகுப்பை இருமுறை படித்தாலும் அந்தக் கடிகாரம் நிற்பதில்லை. அதைவிட முக்கியமாக, ஒன்பதாம் வகுப்பை எந்த நாட்டில் படித்தாலும் அது அந்தக் கடிகாரத்தின் தொடக்கமே. கோவையில் 2014 ஜூன் மாதத்து ஒரு திங்கட்கிழமை காலையில் என் மகன் சீருடையோடு வகுப்புக்குள் நுழைந்தபோது அவனுடைய கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது என்பதை நாங்கள் அறிந்திருக்கவில்லை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2014இல் தொடங்கிய எட்டு செமஸ்டர்கள் 2018 கோடையோடு முடிந்துவிட்டன. அப்போது அவன் இங்கே பதினோராம் வகுப்பைத்தான் முடித்திருந்தான். பன்னிரண்டாம் வகுப்பில் அவன் படித்த ஆங்கிலம், கணிதம், இயற்பியல், அரசியல் எதுவும் அந்த 16இல் சேராது. கோவையில் படித்ததையாவது சேர்த்துக்கொள்ளலாமே என்றால், ஒரே பாடத்தை இருமுறை படித்தால் ஒருமுறைதான் கணக்கில் வரும். ஒன்பதாம் வகுப்பைத் திரும்பப் படித்தது என்பதன் பொருளே அதுதானே. முடிவில் அவனுக்கு மூன்று பாடங்கள் குறைந்தன. உரிய காலத்தில் பள்ளியை முடித்தவர்கள் பின்னர் ஒரு பாடத்தைச் சேர்த்துக்கொள்ளும் சலுகை உண்டு. ஓராண்டு தாமதமாக முடித்தவனுக்கு அதுவும் இல்லை.

எங்களுக்கு விஷயம் தெரியவந்தது கல்லூரி மூலமாக அல்ல, பள்ளி அணி மூலமாகத்தான். டெக்சஸில் அரசுப் பள்ளி விளையாட்டை நடத்தும் யு.ஐ.எல். அமைப்பில் இரண்டு வரம்புகள் உண்டு. ஒன்று, செப்டம்பர் 1ஆம் தேதி அன்று மாணவருக்கு 19 வயது நிறைந்திருக்கக் கூடாது. மற்றொன்று, ஒன்பதாம் வகுப்பில் முதன்முதலாகச் சேர்ந்ததிலிருந்து நான்கு ஆண்டுகளுக்குள்தான் பள்ளி அணியில் ஆட முடியும். வயது வரம்பைப் பற்றி எங்களுக்குக் கவலையே இல்லை, அவனுக்குப் பதினேழுதான் ஆகியிருந்தது. நான்கு ஆண்டு வரம்பில்தான் மாட்டிக்கொண்டோம். 2018 ஆகஸ்டில், இலையுதிர் காலத்துக் குழு டென்னிஸ் தொடங்கும் வாரத்தில், பழைய பள்ளிச் சான்றுகளைச் சரிபார்த்தவர் கோவை அட்டையில் இருந்த தேதியைக் கண்டு நிறுத்தினார். விதிவிலக்குக் கோர வழியுண்டு, கோரினோம், ஆனால் பெற்றோரே எழுதிக் கொடுத்துச் சம்மதித்த மறுபடிப்பு என்பதால் எங்களுக்கு அது கிடைக்கவில்லை. அந்த ஆண்டு முழுவதும் அவன் அணியின் பந்துக்கூடையைத் தள்ளிக்கொண்டு, ஸ்கோர் எழுதிக்கொண்டு மைதான ஓரத்தில் நின்றான். ஒருநாள்கூட முறையிடவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

டென்னிஸ் ஆட்டக்காரர்களுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. பள்ளியை முடிக்க வேண்டிய காலத்துக்குப் பிறகு கல்லூரியில் சேராமல் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தால், பெரும்பாலான விளையாட்டுகளுக்கு ஓராண்டு அவகாசம். டென்னிஸுக்கு அன்றைய விதிப்படி ஆறே மாதம். அதைத் தாண்டி ஆடினால் கல்லூரியில் ஒரு பருவத்தை இழந்து, முதல் ஓராண்டு ஆடாமலும் இருக்க வேண்டும். முடிக்க வேண்டிய காலம் என்பது அவர்கள் கணக்கில் 2018. 2019 வசந்த காலத்தில் அவன் வென்ற ஒவ்வொரு ஆட்டமும் அவனுக்கு எதிராகவே எழுதப்பட்டது. ஆர்வம் காட்டியிருந்த கல்லூரிப் பயிற்சியாளர் ஒருவர் விவரம் தெரிந்ததும் நாகரிகமாக விலகிக்கொண்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அப்போது ஒரு முதல் பிரிவுக் கல்லூரியின் ஆண்கள் டென்னிஸ் அணி முழுவதற்கும் அனுமதிக்கப்பட்டிருந்தது நாலரை உதவித்தொகைதான். அதைப் பல பேருக்குப் பங்கிட வேண்டியவர், தகுதி நிச்சயமில்லாத ஒரு பையனுக்காக எப்படிக் காத்திருப்பார்?

என் மகன் மூன்றாம் பிரிவுக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தான். அங்கே இந்தப் பதினாறு பாடக் கணக்கு இல்லை, விளையாட்டு உதவித்தொகையும் இல்லை. ஆடினான், படித்தான், இப்போது நல்ல வேலையில் இருக்கிறான். எனவே வாழ்க்கை பாழானது என்று நான் எழுத வரவில்லை. ஆனால் அவன் இழந்தது டென்னிஸ் மட்டுமல்ல. 2018 மே மாதம் பிளஸ் டூ முடிவுகள் வந்த அன்று, அவனுடைய கோவை நண்பர்கள் வாட்ஸ்அப்பில் மதிப்பெண்களையும், மாலையோடு எடுத்த படங்களையும் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அவன் ஒவ்வொருவருக்கும் வாழ்த்து அனுப்பிவிட்டு, மறுநாள் காலை பதினோராம் வகுப்புத் தேர்வுக்குப் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு போனான்.

இந்த விதியில் என் மனத்தை உறுத்துவது அதன் கண்டிப்பு அல்ல. வயது கூடியவர்கள் சிறுவர்களோடு மோதக் கூடாது, படிப்பைத் தள்ளிப்போட்டு விளையாட்டை மட்டும் வளர்க்கக் கூடாது என்ற நோக்கம் சரியானதே. உறுத்துவது, அது எந்த வாசலில் காவல் நிற்கிறது என்பது. கல்லூரி விதியின் கடிகாரம் ஒன்பதாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. எட்டாம் வகுப்பை எத்தனை முறை படித்தாலும் அதற்குக் கவலையில்லை. இங்கே "ரீகிளாஸ்" என்று ஒரு வழக்கம் இருக்கிறது. நன்றாகப் படித்துத் தேறிய பிள்ளையையே, உயரமும் எடையும் கூடட்டும் என்று, பெரும்பாலும் கட்டணம் கட்டித் தனியார் பள்ளியில் மறுபடியும் எட்டாம் வகுப்பில் சேர்ப்பார்கள். கூடைப்பந்திலும் பேஸ்பாலிலும் இது சர்வசாதாரணம். டெக்சஸ் யு.ஐ.எல். இதைக் கவனித்து, விளையாட்டுக்காகவே ஏழாம் அல்லது எட்டாம் வகுப்பில் ஓராண்டு நிறுத்திவைக்கப்பட்ட மாணவர் உயர்நிலைப் பள்ளியில் நான்காம் ஆண்டு ஆடும் தகுதியை இழப்பார் என்று விதித்திருக்கிறது. ஆனால் அது அதன் உறுப்பினரான பள்ளிகளோடு நின்றுவிடுகிறது, கல்லூரி வாசலில் அந்த எட்டாம் வகுப்பை யாரும் கேட்பதில்லை. ஆக, திட்டமிட்டுப் பணம் செலவழித்து ஓராண்டு வாங்கியவருக்குத் தடையில்லை. புது நாட்டில் பள்ளி சொன்னதைக் கேட்டு ஓராண்டு பின்வாங்கியவருக்குத் தடை. எந்தத் தந்திரமும் செய்யாத பிள்ளைதான் பிடிபடுகிறான்.

ஓராண்டு பின்னுக்கு இழுப்பதால் மட்டும் யாரும் பெரிய ஆட்டக்காரர் ஆகிவிடுவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். எங்கள் ஊர்த் தொழில்முறைக் கூடைப்பந்து அணியான டாலஸ் மேவரிக்ஸ் 2025 புதுமுக வீரர் தேர்வில் முதலாவதாக எடுத்த கூப்பர் ஃபிளாக், ஓராண்டு முன்னதாகவே பள்ளியை முடித்து டியூக் பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர். அவரைப் போன்றவர்கள் அபூர்வம்தான். ஆனால் கல்லூரி உதவித்தொகை பெறும் பள்ளி விளையாட்டு வீரர்களும் சுமார் 2 சதவீதமே. அந்தச் சிறு பங்குக்காகப் பிள்ளையின் ஓர் ஆண்டைக் கேட்கும் பயிற்சியாளரிடம், மற்ற 98 பேரின் ஆண்டு என்னாகும் என்று கேட்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. இப்போது இடங்களும் சுருங்கியிருக்கின்றன. என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகக் கல்லூரி வீரர்கள் தொடுத்த வழக்கில் 2025 ஜூன் 6ஆம் தேதி நீதிமன்றம் ஒப்புதல் அளித்த சமரசத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் உதவித்தொகை எண்ணிக்கை வரம்பு நீங்கி, அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற வரம்பு வந்துவிட்டது. டென்னிஸுக்கு அது பத்துப் பேர். வேறு கல்லூரியில் ஆடிப் பழகி மாறி வரும் இருபது, இருபத்தொரு வயதுக்காரர்களோடுதான் நம் பிள்ளைகள் அந்தப் பத்து இடங்களுக்குப் போட்டியிட வேண்டும்.

மறுபடியும் படிப்பதே தவறு என்று நான் கூறவில்லை. ஆங்கிலத்தில் உண்மையாகவே தடுமாறும் பிள்ளைக்கு, நோயிலோ துக்கத்திலோ ஓராண்டை இழந்த பிள்ளைக்கு, அது தேவையாக இருக்கலாம். ஆனால் அந்தத் தேவையை ஒன்பதாம் வகுப்புக்கு முன்பே தீர்த்துக்கொள்ள முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். ஊரில் ஒன்பதாம் வகுப்பை முடித்துவிட்டு வரும் பிள்ளையைப் பத்தாம் வகுப்பிலேயே சேர்க்கும்படி பெற்றோர் வற்புறுத்த வேண்டும். விடுபட்ட பாடங்களைக் கோடைக் காலத்தில் படித்துக்கொள்ளலாம். ஒன்பதாம் வகுப்புக்கு அரசுத் தேர்வு இல்லாததால், நம் கையில் இருப்பது முன்னேற்ற அட்டை மட்டுமே. கிளம்பும் முன் பள்ளியில் பாடவாரியாக மதிப்பெண் எழுதிய கடிதத்தை முத்திரையோடு இரண்டு பிரதிகள் வாங்கிக்கொள்ளுங்கள்; ஒன்பதாம் வகுப்பிலிருந்து படித்த எல்லாப் பள்ளிகளின் சான்றுகளையும் என்.சி.ஏ.ஏ.யின் தகுதி மையம் கேட்கும், தமிழில் இருந்தால் மொழிபெயர்ப்பும் கேட்கும். ஏற்கெனவே மறுபடியும் சேர்த்துவிட்டவர்கள் மனம் தளர வேண்டாம். கல்லூரியில் முழுநேர மாணவராகச் சேரும் வரை முடித்த அடிப்படைப் பாடங்களை இரண்டாம் பிரிவு ஏற்றுக்கொள்கிறது. மூன்றாம் பிரிவில் ஒவ்வொரு கல்லூரியும் தன் சேர்க்கை முறைப்படியே எடுத்துக்கொள்கிறது. விதிகள் அடிக்கடி மாறுவதால், சேரும் ஆண்டின் விதியைத் தகுதி மையத்திடமே நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. 2023இல் எஸ்.ஏ.டி. போன்ற நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை நீக்கினார்கள். எட்டு செமஸ்டர் கணக்கை நீக்கவில்லை.

விதியை வகுப்பவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கைதான். வேறு நாட்டிலிருந்து வந்த பிள்ளையை இங்குள்ள பள்ளி தன் முடிவாலோ பரிந்துரையாலோ ஒன்பதாம் வகுப்பில் சேர்த்திருந்தால், அந்தப் பிள்ளைக்கு இந்நாட்டில் படித்த முதல் நாளிலிருந்தே கடிகாரம் தொடங்கட்டும். இப்போதைக்கு விலக்கு மனுவை ஒரு கல்லூரிதான் அந்த மாணவருக்காக முன்வைக்க வேண்டியிருக்கிறது. தகுதி இல்லாத மாணவரை எந்தக் கல்லூரி தேடி வரும்? அந்த மனுவை மாணவரே நேரடியாக அளிக்க வழி செய்ய வேண்டும்.

இங்குள்ள தமிழ்ச் சங்கங்களும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளும், புதிதாக வருகிறவர்களுக்கு வீடு, வாகன உரிமம், மருத்துவக் காப்பீடு பற்றி எவ்வளவோ சொல்லித் தருகின்றன. அந்தப் பட்டியலில் பள்ளி வகுப்புச் சேர்க்கையையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். உங்கள் நாளிதழ் தமிழ்நாட்டில் காலையில் முதலில் விரிக்கப்படும் வீடுகளில், அமெரிக்கா கிளம்பப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் வீடுகளும் இருக்கும். விமானம் ஏறும் ஜூன் மாதத்துக்கு முன்பாக இக்கடிதத்தை வெளியிட்டால், பள்ளியில் சான்று வாங்க அவர்களுக்கு நேரம் இருக்கும்; கோடை விடுமுறையில் தலைமையாசிரியரைப் பிடிப்பது எளிதல்ல.

இப்படிக்கு,
ஒரு டென்னிஸ் ஆட்டக்காரனின் தாய்,
டாலஸ் புறநகர், டெக்சஸ்