தீயணைப்பு அமைப்பைக் கடைசியில் வாங்காதீர்கள்: பந்தய அணிகளுக்கு ஒரு திறந்த மடல்

கிளப் பந்தயங்களுக்குக் கார் தயார் செய்யும் அணி உரிமையாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும்,

வணக்கம்.

எஞ்சினுக்கும் சஸ்பென்ஷனுக்கும் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறீர்கள். காருக்குள் பொருத்தும் தீயணைப்பு அமைப்பு என்று வந்தால் மட்டும், மிச்சமிருக்கும் பணத்துக்குக் கிடைப்பதை வாங்கி, இடம் இருக்கிற மூலையில் மாட்டிவிடுகிறீர்கள். இந்த வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

காரைக் காப்பாற்றுவது அந்த அமைப்பில் உள்ள தீயணைப்பு சிலிண்டரின் வேலை இல்லை. பெல்ட்டைக் கழற்றி, ஸ்டீயரிங்கை எடுத்துவிட்டு ஓட்டுநர் வெளியே வரும்வரை தீயை அண்டவிடாமல் வைத்திருப்பதுதான் அதன் வேலை. 2020 பஹ்ரைன் ஃபார்முலா 1 பந்தயத்தில் ரொமைன் குரோஷான் தீப்பிழம்பிலிருந்து வெளிவர ஏறக்குறைய 28 விநாடி ஆனது. உங்கள் ஓட்டுநருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஹெல்மெட், கையுறையோடு உட்காரவைத்து அளந்து பாருங்கள். சிலிண்டரின் அளவையும் அது எத்தனை விநாடி பீய்ச்சும் என்பதையும் அதற்கு அப்புறம் பேசலாம்.

சிலிண்டருக்குள் இருப்பது நுரையா, வாயுவா என்பது அடுத்த கேள்வி. நுரை விலை குறைவு. பட்ட இடத்தில் படிந்து குளிர்விக்கும். ஆனால் நாசில், அதாவது பீய்ச்சும் முனை, எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் போகும். வாயு மூடிய காருக்குள் பரவி, நுரை எட்டாத இடுக்குகளிலும் புகும். ஓட்டுநர் உட்காரும் காக்பிட் திறந்திருந்தால் காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் கூரை இல்லாத காருக்கு நுரைதான் என் தேர்வு. ஹாலான் 1301 என்ற தீயணைப்பு வாயு அடைத்த பழைய சிலிண்டர் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் வளர்ந்த நாடுகளில் 1994-லேயே அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள்; மறுபடி நிரப்ப அலைய வேண்டியிருக்கும். சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ-வின் 8865-2015 அல்லது அமெரிக்காவின் எஸ்.எஃப்.ஐ அமைப்பின் 17.1, இந்த இரண்டு தரச்சான்றுகளில் உங்கள் பந்தயம் எதைக் கேட்கிறது என்று விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

இயக்கும் முறையில்தான் அதிகம் கோட்டை விடுகிறோம். கேபிள் இழுத்து இயக்குவது எளிமையானது. ஆனால் ஓட்டுநரைச் சுற்றியுள்ள பாதுகாப்புக் கம்பிக் கூண்டான ரோல் கேஜைச் சுற்றி நாலு வளைவு வளைத்துக் கொண்டுபோனால் இழுப்பு கனத்துவிடும். கை முறிந்த ஓட்டுநரால் அதை இழுக்க முடியாது. மின்சார முறையில் வயரை எப்படியும் கொண்டுபோகலாம், பட்டனை லேசாக அழுத்தினால் போதும். அதற்குத் தனி பேட்டரி இருக்க வேண்டும். மோதலில் காரின் மின்சாரம் போனாலும் அது வேலை செய்தாக வேண்டும் என்று எஃப்.ஐ.ஏ விதியே சொல்கிறது. வெளியிலிருந்து இயக்கும் கைப்பிடி காரின் மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். வெள்ளை வட்டத்தில் சிவப்பு 'E' என்ற ஆங்கில எழுத்து ஸ்டிக்கர் குறைந்தது 10 செ.மீ. விட்டம் இருந்தால்தான் உதவிக்கு ஓடி வரும் மார்ஷல், அதாவது தடப் பாதுகாப்புப் பணியாளர், கண்ணில் படும்.

நாசில்களை ஓட்டுநரின் தலைக்கு நேராகத் திருப்பாதீர்கள். எஞ்சின் அறைக்கும் காக்பிட்டுக்கும் தனித்தனி நாசில் வையுங்கள். எரிபொருள் பம்ப் ஓடிக்கொண்டே இருந்தால் எவ்வளவு பெரிய சிலிண்டரும் தோற்றுப்போகும், அதனால் எஞ்சினை நிறுத்தும் சுவிட்சும் ஓட்டுநரின் கைக்கு எட்ட வேண்டும்.

இன்னொன்று, பாதுகாப்பு பின். காரைத் தயார் செய்யும் பிட்டில் யாரும் தெரியாமல் கைப்பிடியை இழுத்துவிடக் கூடாது என்று அதைச் செருகி வைக்கிறோம். சிவப்புப் பட்டை தொங்க, அந்தப் பின்னோடு தடத்துக்குப் போகும் கார்களைப் பார்க்கும்போது வயிற்றைக் கலக்குகிறது. மின்சார அமைப்பில், அதை வேலைக்குத் தயார்நிலையில் வைக்கும் ஆர்ம் சுவிட்சைப் போட மறப்பதும் இதே கதைதான். ஓட்டுநரின் பெல்ட்டை இறுக்குகிறவரே பின்னையும் உருவிக் கையில் எடுக்கட்டும். அந்தப் பொறுப்பை ஒரே ஆளிடம் கொடுங்கள்.

சர்வீஸ் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. பிரஷர் மானி பச்சையில் நிற்கிறது என்று தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்த பந்தயத்துக்கு முன் ஓட்டுநரை பெல்ட்டை இறுக்கி உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொண்டு, தீயணைப்பு அமைப்பை உள்ளிருந்து இயக்கும் கைப்பிடியைத் தொடச் சொல்லுங்கள். முதலில் வலது கையால், அப்புறம் இடது கையால். எட்டவில்லை என்றால் கைப்பிடியை இடம் மாற்றுங்கள். அதுவரை காரைத் தடத்தில் இறக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்களைப் போலவே பந்தயக் கார் கட்டும் ஒருவன்