ரொம்மி டக்ளஸ் உரைக்குக் கைகொடுத்த எல்லாருக்கும் நன்றி

அன்பான ஸ்காபரோ உறவுகளே,

கடந்த சனிக்கிழமை எங்கள் முதியோர் ஒன்றுகூடலில், போதகராக இருந்து பாராளுமன்றம் போன, கனடாவில் அரசு மருத்துவக் காப்புறுதிக்கு வழிதிறந்த ரொம்மி டக்ளசைப் பற்றித் தமிழில் பேசினேன். நீங்கள் இல்லாவிட்டால் அது நடந்தேயிருக்காது.

முதல் நன்றி, ஓய்வுபெற்ற தாதி அக்காவுக்கு. டக்ளசுக்குச் சிறுவயதில் காலில் வந்த நோயைத் தமிழில் எப்படிச் சொல்வதென்று நான் முழித்தபோது, "எலும்புக்குள்ள சீழ் பிடிக்கிற வருத்தம் எண்டு சொல்லுங்கோ, எல்லாருக்கும் விளங்கும்" என்றார். விளங்கியது. வின்னிபெக்கில் அந்தக் காலை வெட்டத்தான் வேண்டும் என்றிருந்த நேரம், மாணவர்கள் நின்று பார்க்கலாம் என்றால் காசில்லாமல் வைத்தியம் செய்கிறேன் என்று ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் முன்வந்த கதையைச் சொன்னபோது மண்டபத்தில் ஒரு சத்தமில்லை.

எங்கள் தமிழ்ச் சபைப் போதகருக்கும் நன்றி. வேதம் படித்த ஒருவர் ஏன் அரசியலுக்கு வந்தார் என்பதை அவரோடு பேசித்தான் தெளிந்தேன். 1930இல் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் உள்ள வெய்பர்ன் ஊருக்குப் பாப்டிஸ்ட் போதகராகப் போன டக்ளஸ், வறட்சியில் வாடிய சனங்களுக்கு உணவும் உடுப்பும் சேர்த்தார். வைத்தியத்துக்கு வழியில்லாமல் செத்துப்போன இரண்டு இளம் குடும்பத்தலைவர்களை அடக்கம் செய்தார். 1931இல் எஸ்டவானில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களுக்கு உணவு கொண்டுபோனார். அங்கே பொலிசார் சுட்டு மூன்று பேர் இறந்தார்கள். தேர்தலில் நின்றால் இனி உமக்குச் சபை கிடையாது என்று மேலிடத்தில் எச்சரித்தார்கள். நின்றார். 1935இல் வென்று ஒட்டாவாவில் உள்ள பாராளுமன்றம் போனார். 1944இல் சஸ்காச்சுவான் மாகாண முதல்வரானார்.

அப்புறம், டொக்ரர்மாரின் வேலைநிறுத்தத்தைப் பற்றிக் கேட்ட ஐயாவுக்கு என் வணக்கம். நல்ல கேள்வி. டக்ளஸ் முதல்வராக இருந்தபோது முன்வைத்த அரசு மருத்துவக் காப்புறுதி 1962 ஜூலை 1இல் சஸ்காச்சுவானில் தொடங்கியதும், அதை எதிர்த்து டொக்ரர்மார் 23 நாள் வேலையை நிறுத்தினார்கள். டக்ளஸ் அப்போது முதல்வரில்லை, நாடளாவிய புதிய ஜனநாயகக் கட்சியின் தலைவர். அதற்கு முதல் மாதம்தான் பாராளுமன்றத் தேர்தலில் றெஜைனாவில் தோற்றிருந்தார். ஒக்டோபரில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இடைத்தேர்தலில் வென்று திரும்பவும் பாராளுமன்றம் போனார்.

உரை முடிய ஒரு அம்மா கைப்பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த ஹெல்த் கார்ட்டை, அதுதான் அரசு மருத்துவக் காப்புறுதி அட்டையை, எடுத்துக் காட்டி, "இது அந்தப் போதகர் தந்ததோ, பிள்ளை?" என்று கேட்டார். தொடங்கி வைத்தது அவர்தான் அம்மா, ஒன்டாரியோவுக்கு 1969இல் வந்தது என்றேன். அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கனநேரம் பார்த்தார். அந்தக் கேள்விக்காக அவருக்கு என் மனம் நிறைந்த நன்றி.

சஸ்காச்சுவான் வரைபடம் தேடித் தந்த நூலகப் பிள்ளைகளுக்கும், பனிக்குள் வான் ஓட்டி முதியவர்களை ஏற்றி இறக்கிய தம்பிமாருக்கும், வடையும் தேத்தண்ணியும் தந்த குடும்பத்துக்கும் நன்றி. உங்கள் பெரிய கேத்தல் என்னிடம்தான் இருக்கிறது. வருகிற சனிக்கிழமை கொண்டுவருகிறேன்.