காசு கட்ட முதல் இதை வாசி

கல்லடி,
மட்டக்களப்பு.

மச்சான்,

சுகம்தானே? இங்கே எல்லாரும் நலம். அம்மா உன்னை விசாரிக்கிறா.

நீ கண்ணுக்கு லேசர் செய்யப்போகிறாயாம், கட்டையன் சொன்னான். கண்ணின் குறையை அளந்து அதற்கேற்பச் செதுக்குவார்களாம், இனிப் பருந்துப் பார்வைதானாம். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டுத் தப்பிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

அளக்கிறார்கள், சரி. எந்தத் தூரத்தைப் பார்க்க வைத்து அளந்தார்கள் என்று கேட்டாயா? கண்ணின் குறை ஒரே மாதிரி நிற்பதில்லை. தூரத்தைப் பார்க்கும்போது, பெரும்பாலானோருக்கு, கண்மணியின் ஓரத்தால் நுழையும் ஒளி நடுவால் நுழைவதைவிடச் சற்று முன்னாலேயே குவிந்துவிடும். கிட்டப் பார்த்தால் கண்ணுக்குள் இருக்கும் தசை சுருங்கி, வில்லையை இழுத்துப் பிடித்திருக்கும் நார்கள் தளர்ந்து, வில்லை இன்னும் உருண்டையாகும். அப்போது அந்த வித்தியாசம் குறைந்துகொண்டே போய், இன்னும் கிட்ட வந்தால் தலைகீழாகவே மாறிவிடும். எந்தத் தூரத்தில் மாறும் என்பது ஆளுக்கு ஆள் வேறு. கண்மணியும் கூடவே சுருங்கி ஓர ஒளியை மறைப்பதால் கொஞ்சம் தப்பிக்கிறோம். ஆக, தூரத்துக்குப் பார்த்துச் செதுக்கிய திருத்தம் 40 சென்ரிமீற்றரில் இருக்கும் போனுக்கு அப்படியே பொருந்தாது.

உருண்டையாவது வில்லைதான் என்று 1801இல் தோமஸ் யங் என்ற ஆங்கில விஞ்ஞானி காட்டிய விதம் இருக்கிறதே! வாவிக்குள் கண்ணைத் திறந்தால் எல்லாம் மங்குமே, ஞாபகமா? கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் தெளிவான படலம்தான் விழிவெண்படலம்; தண்ணீருக்குள் அது ஒளியைக் குவிக்கும் வலு பெரும்பாலும் போய்விடும். அதற்கு ஈடாக அந்த மனுசன் தண்ணீர் நிரப்பிய குழாயில் ஒரு வில்லையைப் பூட்டித் தன் கண்ணோடு வைத்துப் பார்த்தார். அப்போதும் கிட்டவும் தூரமும் குவிக்க முடிந்தது. அப்படியென்றால் வேலை பார்ப்பது உள்ளே இருக்கும் வில்லை. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள், எனக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் புல்லரிக்கிறது.

மறுகா ஒன்று, இது பகிடியில்லை. உனக்கு 43 ஆகிறது. வில்லை இறுகத் தொடங்கிவிட்டது, உருண்டையாவதே குறைவு. அதனால் மேலே சொன்ன மாற்றமும் உன் கண்ணில் சிறிதாகத்தான் இருக்கும். ஆனால் லேசர் செதுக்குவது விழிவெண்படலத்தை, வில்லையை அல்ல. இப்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேப்பர் வாசிக்கிறாய் அல்லவா? தூரத்தைச் சரியாக்கினால் அந்த வசதி போய்விடும். கண்ணாடியே வேண்டாம் என்று காசைக் கொட்டிவிட்டு, வாசிக்க வேறொரு கண்ணாடி வாங்க நேரிடும்.

செய்யாதே என்று சொல்லவில்லை. இரண்டு கண்ணையும் தூரத்துக்கே திருத்துவதா, ஒன்றைக் கிட்டப் பார்வைக்கு விடுவதா என்று டொக்டரிடம் கேள். இரவில் வாகனம் ஓட்டுவதையும் சொல்லு, இருட்டில் கண்மணி விரிந்தால் ஓரத்துக் குறை கூடும். என்ன சொன்னார் என்று எனக்கு உடனே எழுது, கட்டையனிடம் சொல்லி அனுப்பாதே.

உன்,
வாத்தி