ஐந்து நிமிடத் தண்டனை போதாது

வட அமெரிக்கக் கீழ்நிலை ஐஸ் ஹாக்கி லீக்குகளின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

சென்ற சனிக்கிழமை உங்கள் அரங்கு ஒன்றில் இரண்டு இளைஞர்கள் கையுறைகளை உதறிவிட்டு ஒருவர் முகத்தில் மற்றவர் குத்திக்கொண்டபோது, யாராவது ஒருவர் கீழே விழட்டும் என்று நடுவர்கள் ஒதுங்கி நின்றார்கள். புருவம் கிழிந்தவர் தையல் போட்டுக்கொண்டு, ஐந்து நிமிடம் வெளியே உட்கார்ந்திருக்கும் தண்டனை முடிந்ததும் மறுபடி களமிறங்கினார். பல ஆண்டுகள் இத்தகைய சண்டைகளுக்கு எழுந்து நின்று கத்தியவன் நான் என்பதால் இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆயினும் கேட்கிறேன்: சண்டையிடுபவரை அந்த ஆட்டத்திலிருந்தே வெளியேற்றுங்கள்.

சண்டைக்காரராகவே பெயர் வாங்கிய ஹாக்கி வீரர் டெரெக் பூகார்டின் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2002-03 பருவத்தில் ஈஸ்ட் கோஸ்ட் ஹாக்கி லீக்கின் லூசியானா அணிக்காக 33 ஆட்டங்களில் அவர் போட்டது ஒரே கோல். பெற்ற தண்டனையோ 240 நிமிடங்கள். வட அமெரிக்காவின் தலைமை லீக்கான என்.எச்.எல். வரை உயர்ந்த பிறகும் 277 ஆட்டங்களில் 3 கோல்களே. 2011 மே மாதம், 28 வயதில், மதுவும் வலிநிவாரணியும் சேர்ந்து அவர் உயிரைப் பறித்தன. அவருடைய மூளையில், தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சி.டி.ஈ. என்னும் சிதைவு நோய் இருந்ததைப் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

சண்டைக்கென்றே அணியில் வைத்துக்கொண்டு, 'என்ஃபோர்சர்' என்று நீங்கள் மரியாதையாக அழைப்பவரைத் தமிழில் அடியாள் என்போம். அவருடைய வீங்கிய விரல்முட்டிகள் எல்லோர் கண்ணிலும் படும். ஒத்தடம் கொடுத்து, கட்டுப்போட்டு அனுப்பிவிடலாம். தலைவலியை மட்டும் அவர் வெளியே சொல்ல முடியாது. சொன்னால் ஆட்டத்திலிருந்து நிறுத்துவீர்கள், நிறுத்தினால் மறுநாளே அந்த இடத்தை நிரப்ப இன்னொருவர் காத்திருப்பார். கோல் போடுவதற்காக யாரும் அவரை எடுக்கவில்லை என்பதால் சண்டை போனால் சம்பளமும் போகும். ஆகவே அவர் மாத்திரையை விழுங்கிவிட்டு அடுத்த ஊருக்குப் பேருந்தில் ஏறுகிறார்.

சண்டைதான் ஆட்டத்தின் கோபத்தை வெளியேற்றும் வழி என்று வாதிடுகிறீர்கள். ஒலிம்பிக்கில் சண்டையிட்டால் ஆட்டத்திலிருந்து வெளியேற்றம்தான். அந்த வழி அடைபட்டதால் அங்கே எவரும் வெடித்துச் சிதறியதாகத் தெரியவில்லை. கனடாவின் கியூபெக்கில் பெரும்பாலும் பதின்வயதினர் ஆடும் மேஜர் ஜூனியர் லீக்கும் 2023-இல் இதே விதியைக் கொண்டுவந்தது. பதின்வயதினருக்கு ஆகாதது இருபத்தைந்து வயதுக்காரரின் மூளைக்கு மட்டும் ஆகிவிடுமா? நுழைவுச்சீட்டு விற்பனையைக் காட்டிலும் வேறு காரணம் இருந்தால் தெரிவியுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டும். அடுத்த பருவத்துக்கான விதிப்புத்தகம் அச்சுக்குப் போகுமுன், சண்டையிட்டவர் அன்றைய ஆட்டத்தில் மறுபடி இறங்கக்கூடாது என்ற ஒரு வரியைச் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நீண்டகால ரசிகன் ஒருவன்