ஏரியில் ஒரு பழைய சிநேகிதி

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். ஃபுளோரிடாவில் குளிர் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை, அம்மாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சனிக்கிழமைகளில் ஏரிக்குப் போகிறேன் என்று எழுதியிருந்தேனே, அது மீன் பிடிக்க இல்லை; செடி பிடிக்க! ஏழெட்டுப் பேர் படகில் போய், கயிறு கட்டிய வாரியை வீசி இழுக்கிறோம். சிக்கி வருவதைத் தட்டில் விரித்து, எது இந்த மண்ணின் செடி, எது வெளியிலிருந்து வந்தது என்று பிரிக்க வேண்டும். முதல் நாள் ஒரு கொத்தைக் கையில் கொடுத்து, "தெரிகிறதா?" என்றார்கள். தெரியாமல் என்ன! பீக்கரில் போட்டுப் புனலைக் கவிழ்த்து, சோதனைக்குழாயில் ஏறும் ஆக்சிஜன் குமிழிகளை எண்ணச் சொல்வீர்களே, அதே ஹைட்ரில்லா. பழைய சிநேகிதியைக் கண்டதுபோல் சிரித்துவிட்டேன். படகில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

1950களின் தொடக்கத்தில் மீன்தொட்டிக்காக இலங்கையிலிருந்து வரவழைத்தது, கால்வாய்க்குத் தப்பிவிட்டது என்கிறார்கள். இங்கிருப்பது முழுக்கப் பெண் செடியாம். விதை கிடையாது. ஆனால் ஒடிந்த ஒரு கணு மிதந்து போனாலே அடுத்த இடத்தில் வேர்விடுகிறது.

குழப்பம் எங்கே என்றால், இதே சாயலில் இன்னும் இரண்டு உண்டு. எலோடியா இந்த நாட்டுச் செடி. கணுவுக்கு மூன்று இலை, ஓரம் வழுவழுப்பு. ஹைட்ரில்லாவுக்கு நான்கு முதல் எட்டு, பெரும்பாலும் ஐந்து. ஓரத்து ரம்பப்பல் வெறுங்கண்ணுக்கே தெரியும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த எகேரியாவுக்கும் நான்கு இலை உண்டு, பல் லென்ஸில்தான் தெரியும். நான்கைப் பார்த்ததும் ஹைட்ரில்லா என்று எழுதி ஒருமுறை மாட்டிக்கொண்டேன். இப்போது எண்ணுவதற்கு முன்பே கொத்தை விரலிடுக்கில் விட்டு இழுத்துப் பார்க்கிறேன். சொரசொரத்தால் பாதி முடிந்தது. வேரோடு சேற்றைக் கிளறிச் சின்னக் கிழங்கு கிடைத்தால் மீதியும் முடிந்தது; மற்ற இரண்டுக்கும் கிழங்கு இல்லை.

வெங்காயத்தாமரையும் இங்கே உண்டு. அதற்குப் பாடமே தேவையில்லை, உப்பிய காம்பைப் பார்த்துத்தானே நம்மவர்கள் பெயர் வைத்தார்கள்!

கரையேறியதும் படகின் விசிறி, வண்டிச் சக்கரம் எல்லாவற்றிலும் ஒட்டிய துணுக்கைப் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்ப விடுவார்கள்.

நம் குளத்துக் கொத்து ஒன்றைத் தடவிப் பார்த்து, எவ்வளவு சொரசொரப்பு என்று எழுதுங்கள். ஆர்வத்தில் கடித உறைக்குள் வைத்து அனுப்பிவிடாதீர்கள். அனுமதியில்லாமல் அதை இந்த நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம்.

உங்கள் மகள்