விலையோடு ஆயுளையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புதிய கைபேசி, டேப்லெட், கணினி, ஸ்மார்ட் வாட்ச் ஆகியவற்றின் அறிமுகச் செய்திகளைத் தங்கள் நாளிதழில் பல ஆண்டுகளாகத் தவறாமல் படித்துவருகிறேன். பாலக்கோட்டில் சிறியதொரு செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பதால், காலையில் அச்சான செய்தியைப் பற்றிய கேள்வி மாலைக்குள் என் மேசைக்கு வந்துவிடும். ஐபோனின் வெளிக்கூடு பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஆலையில் தயாராவதாலோ என்னவோ, இந்தப் பக்கத்தில் இத்தகைய செய்திகளுக்கு வாசகர்கள் அதிகம். கேமரா எத்தனை மெகாபிக்சல், பேட்டரி எத்தனை எம்ஏஎச், விலை என்ன என்பதெல்லாம் அவற்றில் ஒழுங்காக இருக்கின்றன. பாதுகாப்புக் குறைகளை அடைக்க நிறுவனம் அனுப்பும் மென்பொருள் புதுப்பிப்பு (அப்டேட்) எத்தனை ஆண்டுகள் கிடைக்கும், அந்தக் கணக்கு எந்த நாளில் தொடங்குகிறது என்பது மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை.

சென்ற மாதம் தக்காளி மண்டிக்கு வந்த விவசாயி ஒருவர், தீபாவளித் தள்ளுபடியில் வாங்கிய கைபேசியை நீட்டி, "அப்டேட்டே வர மாட்டேங்குதுங்க, என்னன்னு பாருங்க" என்றார். திரைமேல் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளைக்கூட அவர் உரித்திருக்கவில்லை. செட்டிங்ஸில் பாதுகாப்புப் புதுப்பிப்பு என்ற இடத்தைத் திறந்தால், அங்கிருந்த தேதி அவர் அதை வாங்கிய நாளுக்கும் முந்தையதாக இருந்தது. அந்த மாடல் சந்தைக்கு வந்து மூன்று ஆண்டுகள் கடந்திருந்ததால், நிறுவனம் வாக்களித்த மூன்றாண்டும் கடை அலமாரியிலேயே கழிந்துவிட்டது. மண்டிப் பணம் வந்து சேரும் யுபிஐ, வங்கிச் செயலி எல்லாம் அவருக்கு அதே கைபேசியில்தான். பில்லில் உள்ள ஓராண்டு வாரண்டி இதற்குச் செல்லாது என்று அவருக்குப் புரியவைக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

2023 அக்டோபரில் பிக்சல் 8 கைபேசிக்குக் கூகுளும், 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24 கைபேசிக்குச் சாம்சங்கும் 7 ஆண்டுகள் புதுப்பிப்பு தருவதாக அறிவித்தன. ஆனால், அவை விலை உயர்ந்தவை; என் கடைக்கு வருவோரில் மிகப் பெரும்பாலோர் வாங்குவது பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் ரூபாய்க் கைபேசிகளையே. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதி, புதுப்பிப்புக்கான 5 ஆண்டுக் கணக்கை, நிறுவனம் அந்த மாடலைச் சந்தைக்கு அனுப்புவதை நிறுத்திய நாளிலிருந்து எண்ணுகிறது. தள்ளுபடியில் கடைசியாக வாங்குபவர் ஏமாறாதிருக்க இதுவே சரியான முறை என்பது என் கருத்து.

கணினியிலும் இதே கதைதான். விண்டோஸ் 10 பதிப்புக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்ட நிலையில், விண்டோஸ் 11 முறைப்படி ஏறாத ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல் சிப் கொண்ட பழைய லேப்டாப்புகள் 'கண்டிஷன் சூப்பர்' என்ற சொல்லோடு கல்லூரி மாணவர்களுக்கு இன்றும் விற்கப்படுகின்றன.

ஆகவே, எந்தக் கருவியின் அறிமுகச் செய்தியிலும் விலைக்கு அடுத்தபடியாக, பாதுகாப்புப் புதுப்பிப்பு நிற்கும் மாதத்தையும் ஆண்டையும் அச்சிட வேண்டுகிறேன். நிறுவனம் அதைச் சொல்ல மறுத்தால், மறுத்தது என்பதையே அச்சிடலாம். பண்டிகைத் தள்ளுபடிச் செய்திகளில் அந்த மாடல் முதன்முதலில் எப்போது வெளிவந்தது என்பதையும் சேர்த்தால் மிகவும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
செல்போன் சர்வீஸ் கடைக்காரர் ஒருவர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.